டெக்குக்கு அடியில் ரக்கூனும் ஸ்கங்க்கும் குடிவராமல் அடைப்பது எப்படி

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் டெக் (வீட்டோடு ஒட்டிய மர மேடை), ஷெட், முன்வாசல் படி என்று நிலத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஓரடி இடைவெளி இருந்தால் போதும். ரக்கூனோ, நாற்றத் திரவம் பீச்சும் ஸ்கங்க்கோ, வளை தோண்டும் பெரிய அணில் இனமான கிரவுண்ட்ஹொக்கோ வந்து படுத்துக்கொள்ளும். மழை படாது, காற்று அடிக்காது, பனிக்காலத்தில் அத்திவாரச் சுவரிலிருந்து கொஞ்சம் சூடு வரும், பத்தடி தள்ளிச் சாப்பாட்டுக்குக் குப்பைத் தொட்டியும் நிற்கும். விரட்டினால் போகும்தான். ஆனால் வழி திறந்து கிடக்கும்வரை அதுவோ அதன் இனத்தில் இன்னொன்றோ வந்துகொண்டேயிருக்கும். அடைத்தால்தான் அலுவல் முடியும்.

அடைப்பதற்கு வேண்டியது நல்ல கம்பி வலையும் ஒரு வார இறுதியும். பிழை பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் வருகிறது. ஒன்று, குட்டி உள்ளே இருக்கும் மாதத்தில் அடைத்துவிடுவது. அப்போது தாய் வெளியே நின்று டெக்கைப் பிய்க்கும், அல்லது குட்டிகள் உள்ளே செத்து இரண்டு மூன்று கிழமைக்கு யன்னல் திறக்க முடியாது. மற்றது, வலையை நிலமட்டத்தோடு நிறுத்திவிடுவது. ஸ்கங்க்குக்கும் கிரவுண்ட்ஹொக்குக்கும் அந்த வலைக்குக் கீழால் தோண்டிப் போவது ஓர் இரவு வேலை.

உள்ளே இருப்பது எது

துளையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். டெக்கின் விளிம்பை ஒட்டியோ வீட்டுச் சுவரை ஒட்டியோ 3 முதல் 4 அங்குல அகலத்தில் ஒரு துளை, சுற்றிலும் இலேசான மணம் என்றால் ஸ்கங்க். புல்லில் கூம்பு வடிவத்தில் சின்னச் சின்னக் குழிகளும் இருக்கும். வண்டுப் புழுக்களைத் தேடிக் கிண்டிய அடையாளம் அது. அதே புழுக்களுக்காக ரக்கூன் வந்திருந்தால் புல்தரை பாய் சுருட்டியதுபோல் சுருண்டு கிடக்கும். ரக்கூனுக்குத் தோண்டுவதில் அவ்வளவு நாட்டம் இல்லை. இருக்கிற இடைவெளியைத்தான் விரிக்கும். கை பலமானது என்பதால் லற்றிஸ் பலகையின் (மெல்லிய சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்த மறைப்பு) ஒரு மூலையைப் பிடித்து இழுத்தே உள்ளே போய்விடும். 4 அங்குல இடைவெளி அதற்குக் காணும்.

துளை 10, 12 அங்குலம் அகன்று வாசலில் மண் குவிந்திருந்தால் கிரவுண்ட்ஹொக். பகலில் நடமாடுவதால் கண்ணிலும் படும். அதற்கு இரண்டாவது வாசல் கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் அது வேலிக்கரையிலோ செடிகளுக்குள்ளோ மண்மேடு இல்லாமல் மறைந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் வேலை தொடங்கிப் பயனில்லை. ஒப்போசம் தானாகத் தோண்டாது. வேறு மிருகம் விட்டுப்போன வளையில் சில நாள் தங்கிவிட்டு நகரும். 2 அங்குலத் துளை, சுற்றிலும் மண்ணே இல்லை என்றால் சிப்மங்க். அதை விட்டுவிடலாம். 2, 3 அங்குலத் துளையும் வழவழப்பான நடைபாதையும் எலியைக் காட்டும். எலிக்குக் கீழே சொல்லும் பெரிய கண் வலை காணாது, அரை அங்குலக் கண் வேண்டும்.

சந்தேகமாக இருந்தால் பொழுது சாயும் நேரம் துளைக்கு முன்னால் ஒரு கைப்பிடி கோதுமை மாவை மெல்லிதாகத் தூவிவிடுங்கள். தடித்துப் போட்டால் தடம் தெரியாது, மழை வந்தால் களியாகிவிடும். ரக்கூனின் தடம் நீண்ட விரல்களோடு குழந்தையின் கை மாதிரி. ஸ்கங்க்கின் தடம் சின்னது, முன்கால் நகங்கள் விரலுக்கு வெகுவாக முன்னால் குத்தியிருக்கும். தடம் எந்தப் பக்கம் பார்த்துப் போகிறது என்பதையும் கவனியுங்கள்.

மாதம் பார்த்து இறங்குங்கள்

தெற்கு ஒன்ராறியோவில் ரக்கூன் ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போடும். 8 முதல் 10 கிழமைக்குப் பிறகுதான் குட்டிகள் தாயோடு இரவில் நடக்கத் தொடங்கும். ஸ்கங்க் மே தொடக்கத்திலிருந்து ஜூன் முற்பகுதிவரை குட்டி போடும். ஜூலையில் அவை வரிசையாகத் தாயின் பின்னால் வெளியே வருவதைக் காணலாம். கிரவுண்ட்ஹொக் ஏப்ரல், மே. ஆகவே ஏப்ரலிலிருந்து ஜூலை முடியும்வரை ஒருவழிக் கதவு (வெளியே போகலாம், திரும்பி உள்ளே வர முடியாது), வலை எதையும் பூட்டக்கூடாது. தாய் வெளியே போய்விடும், கண் திறக்காத குட்டிகள் உள்ளே கிடக்கும்.

கடும் குளிரும் சரிவராது. டிசம்பர் முதல் பெப்ரவரிவரை ஸ்கங்க்குகள் ஒரே வளையில் பல சேர்ந்து படுத்திருக்கும். நாள்கணக்கில் வெளியே வராததால் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று சோதிக்கவும் முடியாது. கிரவுண்ட்ஹொக் ஒக்ரோபர் கடைசியில் உறங்கப் போனால் பெப்ரவரி, மார்ச்சில்தான் எழும்பும். நவம்பரில் அடைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவருக்கு மார்ச்சில் வலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த துளை காத்திருக்கும். மண் உறைந்தபின் கிடங்கு வெட்டவும் இயலாது.

மிஞ்சுவது ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் நடுப்பகுதிவரை. குட்டிகள் வளர்ந்திருக்கும், மண் இளகியிருக்கும், வெளியே போனது வேறு வளை தேட அவகாசமும் இருக்கும். உள்ளே எதுவுமே இல்லையென்று உறுதியானால் எந்த மாதமும் சரிதான். புது டெக் கட்டும்போதே வலையை இறக்கிவிடுவது எல்லாவற்றிலும் மலிவு.

பொறி வைத்துப் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பிடித்ததை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீற்றருக்குள் விடவேண்டும். ஒரு கிலோமீற்றர் ரக்கூனுக்குத் தூரமே இல்லை. சட்டத்தை மீறித் தொலைவில் கொண்டுபோய் விட்டால் அது புது இடத்தில் தப்புவதும் கடினம், நோயும் கூடவே பயணம் போகும். நஞ்சு வைப்பதும் சட்டவிரோதம்.

உள்ளே காலியா?

பகலில், மிருகம் படுத்திருக்கும் நேரத்தில், பழைய பத்திரிகைத் தாள்களைக் கசக்கித் துளையில் இலேசாகத் திணியுங்கள். இறுக்க வேண்டாம். உள்ளே இருப்பது தள்ளிக்கொண்டு வெளியே வரவேண்டும், வெளியே இருப்பது இழுத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும். எல்லாத் துளைகளிலும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். தொடர்ந்து மூன்று இரவு தாள் அசையவில்லை, மழையும் உறைகுளிரும் இருக்கவில்லை என்றால் காலி. ஏப்ரல் முதல் ஜூலைவரை இந்தச் சோதனையை மட்டும் நம்பவேண்டாம்; பொழுது சாயும் நேரம் பலகையில் காது வைத்துக் கேளுங்கள். ரக்கூன் குட்டிகள் கீச்சிடும், முனகும்.

தாள் அசைந்தால், முதலில் உள்ளே இருப்பதற்கு இடத்தை வெறுக்கவைக்கலாம். டெக்குக்கு அடியில் வெளியில் பாவிக்கும் தரத்திலான மின்விளக்கு ஒன்றை இரவு பகலாக எரியவிடுங்கள். பேச்சு மட்டும் போகும் வானொலியைத் துளைக்கு அருகில் வையுங்கள். அயலவர் தூங்கும் அளவுக்குச் சத்தம் போதும். தாய் ரக்கூனுக்கு வழக்கமாக வேறு இரண்டொரு வளை தெரிந்திருக்கும். தொந்தரவு தாங்காமல் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்விக்கொண்டு இரண்டு மூன்று இரவில் மாற்றிவிடும். அவசரமாக மே மாதத்தில் அனுப்பியே ஆகவேண்டுமென்றால் இது ஒன்றுதான் வழி. வாசலை மட்டும் திறந்தபடி விட்டுவைக்கவேண்டும். ஸ்கங்க்கிடம் இது அவ்வளவாகப் பலிக்காது, ஜூலை முடியும்வரை பொறுத்திருப்பதே மேல்.

மிளகாய்த்தூள் ஒரு மழைக்கு நிற்காது. பூச்சி உருண்டை போடவே வேண்டாம். மூடிய பெட்டிக்குள் துணிகளோடு வைப்பதற்கு மட்டுமான பொருள் அது. திறந்த வெளியில் போட்டால் மிருகம் போகுமோ தெரியாது, அந்த ஆவி பேஸ்மன்ற் யன்னல் வழியாக உங்கள் வீட்டுக்குள் நிச்சயம் வரும். நரி மூத்திரம் என்று போத்தலில் விற்பதற்கும் சில நாள் ஆயுள்தான்.

ஒருவழிக் கதவு

குட்டிக் காலம் தாண்டியபிறகு இதுதான் நம்பகமான முறை. முதலில் ஒரே ஒரு வாசலை விட்டு, டெக்கைச் சுற்றி மிச்சம் எல்லாவற்றையும் கீழே சொல்லும் முறையில் வலையடித்து முடியுங்கள். மிஞ்சிய வாசலில், தடித்த கம்பி வலையால் 10 அங்குல அகலம், 10 அங்குல உயரம் கொண்ட, ஓரடி நீளமான குழாய் ஒன்றை மடித்துப் பொருத்துங்கள். அதன் வெளிவாய் மேலிருந்து கீழாக 45 பாகை சரிவாக வெட்டப்பட்டிருக்கவேண்டும். மேல் விளிம்பில் மட்டும் பிணைத்த கதவு ஒன்றை அந்தச் சரிவில் தொங்கவிட்டால் பாரத்தினாலேயே மூடிக்கொள்ளும். கதவு வாயைவிடக் கீழேயும் இரு பக்கமும் ஓர் அங்குலம் பெரிதாக இருக்கட்டும். ஒட்டினாற்போல் வெட்டினால் ரக்கூன் நகத்தை நுழைத்துத் தூக்கிவிடும். கம்பி நுனிகளை எல்லாம் வெளிப்பக்கம் மடியுங்கள். ஸ்கங்க் எடை குறைந்த பிராணி, 2 முதல் 4 கிலோதான். கதவு கனமாக இருந்தால் முட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பி உள்ளே போய்ப் படுத்துவிடும். சுண்டுவிரலால் தள்ளினாலே அசையவேண்டும்.

கதவுக்கு வெளியே மாவு தூவி, 3 முதல் 5 இரவு விட்டுவையுங்கள். காலையில் ஒருமுறை இலை, சுள்ளி சிக்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். வெளியே போகும் தடம் கண்டு, அதன்பின் இரண்டு இரவு புதுத் தடம் எதுவும் இல்லையென்றால், ஒரு முறை தாள் சோதனை செய்துவிட்டு வாசலையும் அடைத்துவிடலாம். வெளியே போனது திரும்பிவந்து சுற்றிச் சுற்றிக் கிண்டும். முதல் கிழமையில்தான் உங்கள் வலைக்குச் சோதனை.

எந்த வலை, எவ்வளவு

கோழிக்கூட்டு வலை வாங்காதீர்கள். அறுகோணக் கண்ணுள்ள அந்த மெல்லிய கம்பியை ரக்கூன் கையால் பிய்க்கும், மண்ணுக்குள் சில வருடத்தில் துருப்பிடித்து உதிரும். பிளாஸ்ரிக் லற்றிஸ் அழகுக்கு மட்டும். வேண்டியது, நாகம் பூசிய, சந்திகள் ஒட்டிய சதுரக் கண் வலை: 16 கேஜ், கண் அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலம். எலியும் சேர்ந்து தொந்தரவு தந்தால் அரை அங்குலத்துக்கு அரை அங்குலக் கண், 19 கேஜுக்கு மெல்லிதாகப் போகவேண்டாம். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதைக் கடையில் மறந்துவிடாதீர்கள்.

12 அடிக்கு 16 அடி டெக், நீளப் பக்கம் வீட்டோடு ஒட்டியிருக்கிறது என்றால் மறைக்கவேண்டியது மூன்று பக்கம்: 12, 16, 12, ஆக 40 அடி. மூலைத் துண்டு, மேற்பொருத்து எல்லாம் சேர்த்து 50 அடிச் சுருள் ஒன்று. அகலத்தை இப்படிக் கணக்கிடுங்கள்: டெக்கின் விளிம்புச் சட்டத்திலிருந்து நிலம்வரை உள்ள உயரம், நிலத்துக்குள் நேராக 12 அங்குலம், அடியில் வெளிப்பக்கமாக மடிப்பதற்கு 12 அங்குலம். இடைவெளி 8 அங்குலம் என்றால் 32 ஆகிறது, சட்டத்தில் ஆணியடிக்க 2, 3 அங்குலம் கூட்டினால் 36 அங்குலச் சுருள் சரி. இடைவெளி 18 அங்குலம் என்றால் 48 அங்குலச் சுருள் வேண்டும்.

அந்த வெளிமடிப்புத்தான் முழு வேலையின் உயிர். தோண்டும் மிருகம் எப்போதும் தடுப்பின் அடியிலேயே, சுவரை ஒட்டியே தோண்டும். கீழே போனால் படுக்கையாகக் கிடக்கும் கம்பி காலில் தட்டும். ஓரடி பின்னால் தள்ளிப்போய் அங்கிருந்து சுரங்கம் வெட்டலாம் என்ற யோசனை அதற்கு வருவதில்லை. மடிப்பை உள்பக்கமாக வைத்தால் இந்தப் பலன் இல்லை. ஆனாலும் உள்பக்கம் மடித்து முடித்த டெக்குகள் ஏராளம், பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது என்பதால்.

மற்றச் சாமான்கள்: டெக் ஸ்குரூ ஒன்றேகால் அங்குலம், அதோடு அகலமான வாஷர், 6 அங்குலத்துக்கு ஒன்று வீதம் 40 அடிக்கு ஏறக்குறைய 80. பதப்படுத்திய மரத்தின் செம்பு இரசாயனம் சாதாரண நாகப்பூச்சு ஆணியை அரித்துவிடும். அந்த மரத்துக்கென்றே பூச்சிட்ட ஸ்குரூ அல்லது துருவேறா உருக்கு வாங்குங்கள். ஸ்ரேப்பிள் அடிப்பது வலையைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்த மட்டும்; ரக்கூன் அதை ஒவ்வொன்றாகக் கழற்றும். தகடு வெட்டும் கத்தரி, குறடு, கட்டுக்கம்பி, தடித்த தோல் கையுறை, மண்வெட்டி, கல்மண்ணுக்கு அலவாங்கு.

கிடங்கு வெட்டுவது

மண்ணில் கைவைக்க முன், நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துத் தர ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) சேவைக்கு அறிவியுங்கள். குறைந்தது 5 வேலைநாள் முன்கூட்டியே. மண்வெட்டியால் வெட்டினாலும் இது கட்டாயம், சேவை இலவசம். எரிவாயு, மின்சாரம், தொலைபேசிக் குழாய்கள் ஓடும் இடத்தில் வர்ணம் அடித்துக் கொடியும் நட்டுவிட்டுப் போவார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: மீற்றரைத் தாண்டி நீங்களே போட்ட வயர்கள், அதாவது ஷெட்டுக்குப் போகும் மின்கம்பி, பார்பிக்யூவுக்கு இழுத்த எரிவாயுக் குழாய், நீர்த்தெளிப்பான் குழாய் எதையும் அவர்கள் குறிக்கமாட்டார்கள். அதை நீங்கள்தான் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

கிடங்கு ஓரடி ஆழம், டெக் விளிம்பிலிருந்து வெளியே ஓரடி அகலம். 40 அடிக்கு 40 கன அடி மண், ஒன்றரைத் தொன்னுக்குக் கிட்ட வரும். களிமண் என்றால் முதல்நாள் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். புல்லைச் சதுரமாக வெட்டித் தனியே எடுத்து வையுங்கள், மேலே திரும்ப வைக்கலாம். மண்ணை ஒரு தார்ப்பாயில் கொட்டினால் புல்தரை தப்பும்.

வலையை 8 அடித் துண்டுகளாக வெட்டுங்கள். நீளமாக வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினால் கையைக் கிழிக்கும். இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவில் வலையை இறுக்கிப் பிடித்து, 12 அங்குலத்தில் 90 பாகைக்கு மடியுங்கள். மேல் விளிம்பில் ஓர் அங்குலத்தை உட்புறம் மடித்தால் கூர்நுனி பிள்ளைகளின் காலில் படாது. துண்டும் துண்டும் சந்திக்கும் இடத்தில் 4 முதல் 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, 4 அங்குலத்துக்கு ஒரு கட்டுக்கம்பி முடிச்சு.

அடுத்தது மூலை. வெளிமூலையில் இரண்டு பக்க மடிப்பும் தனித்தனியே நேராக ஓடுவதால், நடுவில் ஓரடிச் சதுரம் வெறும் மண்ணாக விடுபட்டுப்போகும். மிருகமோ மூலையில்தான் முதலில் கிண்டிப் பார்க்கும். ஒவ்வொரு வெளிமூலைக்கும் 24 அங்குலத்துக்கு 24 அங்குலத் துண்டு ஒன்றை வெட்டி, இரண்டு மடிப்பின்மேலும் ஏறும்படி கிடத்திக் கம்பியால் கட்டுங்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்துகொடுப்பவர்கள்கூட அடிக்கடி விட்டுவிடும் இடம் இது.

வீட்டுச் சுவரோடு முடியும் இடத்தில் வலை விளிம்பை 2 அங்குலம் மடித்து, நிலத்துக்கு மேலே மட்டும் கொங்கிறீற் ஸ்குரூவும் வாஷரும் போட்டு இறுக்குங்கள். நிலத்துக்குக் கீழே துளைபோடக் கூடாது. புது வீடுகளின் அத்திவாரத்தில் புடைப்புப் புடைப்பான கறுப்புப் பிளாஸ்ரிக் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். அதைத் துளைத்தால் பேஸ்மன்ற்றுக்குள் தண்ணீர் வரும். கீழே வலையைச் சுவரோடு நெருக்கி நிறுத்தி, முஷ்டியளவுக் கற்களால் இறுக்கிவிட்டால் போதும். செங்கல் வரிசையின் அடியில் விட்டிருக்கும் சின்னக் காற்றுத் துளைகளை எலி போகும் என்று நுரை அடித்து மூடுபவர்களும் இருக்கிறார்கள். சுவருக்குள் ஊறும் தண்ணீர் வெளியேறும் வழி அது, விட்டுவிடுங்கள்.

நிலம் உறைந்து இளகும்போது மேலெழும்பும். கட்டைகளின்மேல் சும்மா உட்காரும் டெக் என்றால் அதுவும் கூடவே ஏறி இறங்கும், ஆனால் அதே அளவில் அல்ல. வலையை விறைப்பாக இழுத்து அடித்திருந்தால் மார்ச்சில் ஸ்குரூ பிடுங்கிக்கொண்டு நிற்கும், அல்லது கண்கள் கிழியும். நிலமட்டத்துக்குச் சற்று மேலே வலையில் ஓர் அங்குலத் தொய்வு விட்டுவிடுங்கள்.

மண்ணை நிரப்பும்போது 4 அங்குலத்துக்கு ஒருமுறை மிதித்து, தண்ணீர் விட்டு, மறுபடி மிதியுங்கள். ஒரேயடியாகக் கொட்டி மூடிய மண் முதல் மழைக்கே இறங்கிவிடும். இளகிய மண் தோண்டுபவனுக்கு அழைப்புக் கடிதம். நடுவில் ஒரு படை கல் போட்டால் இன்னும் நல்லது. ஒரு பக்கத்தில் 2 அடி அகலத் துண்டு ஒன்றை மட்டும் தனியாக ஸ்குரூ போட்டுக் கழற்றக்கூடியதாக வையுங்கள். பந்து உருண்டு போகும், தண்ணீர்க் குழாய் வெடிக்கும், என்றாவது உள்ளே புகவேண்டி வரும்.

வேர், கல், குழாய் என்று கிடங்கு வெட்டவே முடியாத இடத்தில், நிலத்தின்மேலேயே வலையை 24 அங்குலம் வெளியே விரித்து, ஓரடிக்கு ஒன்றாக 6 அங்குலக் கம்பி முளைகள் அடித்து, மேலே நடைபாதைக் கல்லோ சல்லியோ போட்டு மூடலாம். ஆழக் கிடங்கின் பலத்தில் முக்கால்வாசி இதற்கு உண்டு. வெறும் புல் வளரட்டும் என்று விட்டால் புல்வெட்டும் இயந்திரம் ஒருநாள் கம்பியை இழுக்கும்.

பலகையால் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் மூடிவிடாதீர்கள், டெக்கின் அடிச்சட்டம் உளுத்துப்போகும். உடுப்பு உலர்த்தி, சூடேற்றியின் காற்றுக்குழாய், எரிவாயு மீற்றர் எதையும் வலைக்குள் சிறைவைக்கவும் கூடாது.

படியும் யன்னல் குழியும்

புதுக் குடியிருப்புகளில் வீட்டைச் சுற்றி நிரப்பிய மண் முதல் சில வருடங்களில் இறங்கும். வார்த்துவைத்த கொங்கிறீற் படிக்கும் முன் நடைபாதைக்கும் கீழே மெல்ல மெல்ல ஒரு பொந்து உருவாகும். வெளியே 3 அங்குலப் பிளவாகத்தான் தெரியும், உள்ளே ஒரு குடும்பம் படுக்க இடம் இருக்கும். முதலில் காலி என்று சோதியுங்கள். பிறகு சுண்ணாம்புக்கல் துகளை நீண்ட தடியால் தள்ளித் தள்ளி இறுக்கி நிரப்பி, வாயில் வலைத் துண்டை மடித்துப் புதையுங்கள். தெளிக்கும் நுரை மட்டும் அடித்தால் ஒரு கிழமைக்குத்தான்.

பேஸ்மன்ற் யன்னல் குழிக்குள் ஸ்கங்க் விழுந்தால் ஏறத் தெரியாது. குறுக்குச் சட்டங்கள் அடித்த பலகையை, 45 பாகைக்குக் குறைவான சரிவில், மெதுவாக இறக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். இரவில் தானே போய்விடும். முன்காலால் நிலத்தை உதைத்து வாலைத் தூக்கினால் அது எச்சரிக்கை. 3 மீற்றருக்குக் குறி தப்பாது. குழிகளுக்குப் பிளாஸ்ரிக் மூடி போட்டுவிட்டால் இந்தத் தொல்லை திரும்பாது.

மணமும் எச்சமும்

ஸ்கங்க் நாயின்மேல் அடித்துவிட்டால் தக்காளிச் சாற்றுக்கு ஓடவேண்டாம், அது மணத்தை மறைக்குமே தவிரப் போக்காது. போல் கிரேபோம் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1993இல் வெளியிட்ட கலவைதான் இன்றும் வேலை செய்கிறது: 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் 1 லீற்றர், அப்பச்சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவம் 1 அல்லது 2 தேக்கரண்டி. கண்ணில் படாமல் தேய்த்து, 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கலந்தவுடன் பாவித்துவிடவேண்டும். மிஞ்சியதைப் போத்தலில் மூடி வைத்தால் வாயு பெருகி வெடிக்கும். உடுப்பின் சாயமும் நாயின் கறுப்பு மயிரும் சற்று வெளிறலாம்.

ரக்கூன் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எச்சம் இடும். அதில் உருண்டைப்புழு முட்டை இருக்கலாம். மனிதருக்குள் போனால் மூளையையும் கண்ணையும் தாக்கக்கூடியது. முட்டை தொற்றும் நிலைக்கு வர 2 முதல் 4 கிழமை எடுக்கும் என்பதால் புது எச்சத்தை உடனே அகற்றுவது புத்தி. என்95 முகமூடி, கையுறை போட்டு, தூசி எழாமல் தண்ணீர் தெளித்து, சுரண்டிப் பையில் கட்டுங்கள். குளோரின் இந்த முட்டையைக் கொல்லாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றவேண்டும்.

ரக்கூன் விசர்நோய் 2015 டிசம்பரில் ஒன்ராறியோவில் மறுபடி தலைகாட்டியது, ஹமில்ரனில். பகலில் ஒரு ரக்கூனைக் கண்டதற்காகப் பயப்படத் தேவையில்லை, பால் கொடுக்கும் தாய் பகலிலும் இரை தேடும். தள்ளாடினால், பயமில்லாமல் கிட்ட வந்தால் விலகி நின்று நகரசபையின் 311ஐ அழையுங்கள். கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம்.

சாப்பாட்டை நிறுத்துங்கள்

சனிக்கிழமை விரதத்தில் காகத்துக்கு வைக்கும் சோறு டெக் விளிம்பில் மிஞ்சிக் கிடந்தால் இரவில் அதை எடுக்க வருவது காகமல்ல. ரொறன்ரோவில் 2023 ஏப்ரல் 1 முதல் சொந்த வளவிலும் வனவிலங்குக்கு உணவிடுவதும் உணவை வெளியே விட்டுவைப்பதும் தடை. கோயிலில் வைப்பது எப்படி என்பது வேறு கேள்வி. வீட்டில் வைத்தே ஆகவேண்டும் என்றால் காகம் எடுக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத் தட்டை உள்ளே எடுத்துவிடுங்கள். 2016 முதல் நகரம் கொடுத்த பச்சைத் தொட்டியின் பூட்டுத் திருகு ரக்கூனை நினைத்தே செய்யப்பட்டது. மீன் தலை போட்ட அன்று அதைச் சரியாகத் திருகினீர்களா என்று மட்டும் பாருங்கள். புல்லில் வண்டுப் புழு நிறைய இருந்தால் ஓகஸ்ட் கடைசி, செப்ரெம்பரில் நெமரோட் (வண்டுப் புழுவைக் கொல்லும் நுண்புழு) கலந்த தண்ணீரை மாலையில் விடலாம். முன்னும் பின்னும் நிலம் நன்றாக நனைந்திருக்கவேண்டும், காய்ந்த மண்ணில் நெமரோட் செத்துவிடும்.

பனி கரைந்ததும், ஏப்ரலில் குட்டி போடுமுன், டெக்கைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். மண் இறங்கிய இடம், பிடுங்கிய ஸ்குரூ, மூலையில் புதிதாகக் கிண்டிய அடையாளம். கிண்டல் ஓரிரு அங்குலத்தோடு நின்றிருந்தால் வலை வேலை செய்கிறது. அந்த இடத்தை மிதித்து மேலே ஒரு கல்லைப் போட்டுவிடுங்கள்.